கை வேகமாகத்தான் இருக்கிறது, கொடி ஏன் விழுகிறது?

வாசகர் கடிதம் (சுருக்கம்): "வணக்கம் சார். வயது 26, திருச்சியில் வேலை. நாலு வருடமாக லீசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் பிளிட்ஸ் (வேக செஸ்) ஆடுகிறேன். பெரும்பாலும் 3+0 (ஆளுக்கு 3 நிமிடம், மூவுக்குக் கூடுதல் விநாடி இல்லை), ராத்திரியில் தூக்கம் வராவிட்டால் 1+0 புல்லட். அட்டாக் செய்து ஆடுவதுதான் பிடிக்கும். ஒரு வருடமாக ரேட்டிங் 1850-க்கும் 1900-க்கும் நடுவிலேயே நிற்கிறது. ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களை டைமில் கோட்டை விடுகிறேன். அட்டாக்கை விட்டுவிட்டு நிதானமாக ஆடு என்கிறார்கள் நண்பர்கள். என் ஸ்டைலை மாற்ற வேண்டுமா? பிளிட்ஸ் ஆடி ஆடி என் ஆட்டமே கெட்டுவிட்டதா? மாவட்ட அளவில் ஒரு ரேபிட் (பிளிட்ஸைவிட நீண்ட நேர) போட்டியில் முதல் முறையாக நேரில் ஆடலாம் என்று இருக்கிறேன். அதற்கு என்ன செய்ய வேண்டும்? சமீபத்திய ஆட்டங்களை இணைத்திருக்கிறேன்."

தம்பிக்கு வணக்கம்.

அனுப்பிய ஆட்டங்களை எல்லாம் போர்டில் போட்டுப் பார்த்தேன். முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்டைலை மாற்ற வேண்டாம். உங்கள் அட்டாக்கில் பெரிய குறை எதுவும் இல்லை. நேரத்தைச் செலவு செய்யும் இடம்தான் தப்பு. மனப்பாடமாக இருக்க வேண்டிய மூவுக்கு உட்கார்ந்து யோசிக்கிறீர்கள். நின்று யோசிக்க வேண்டிய மூவைக் கை போன போக்கில் ஆடிவிடுகிறீர்கள். தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

உங்களிடம் இருக்கும் நல்லதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. எதிராளியின் ராஜா திறந்த இடத்தில் நின்றால் உங்கள் கண் அதை உடனே பிடித்துவிடுகிறது. மூன்று நான்கு மூவ் தொலைவில் இருக்கும் மேட்டை இரண்டு விநாடியில் பார்க்கிறீர்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, தோற்கிற நிலையில் நீங்கள் ஆடும் விதம். ஒரு பிஷப் குறைந்துபோன ஆட்டத்தில்கூட ஒவ்வொரு மூவிலும் எதிராளிக்கு ஒரு சின்னத் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். ஒரு தடவை ராணி மேல் மிரட்டல், அடுத்த தடவை பின்வரிசை மேட், அப்புறம் ஒரு குதிரை ஃபோர்க் (ஒரே மூவில் இரண்டு காயைத் தாக்குவது). அவர் ஒவ்வொன்றுக்கும் நேரம் செலவழித்துக் கடைசியில் ஒன்றைப் பார்க்காமல் விட்டார். வேக ஆட்டத்தில் இந்தக் குணம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. நிதானமாக ஆடு என்று சொல்லும் நண்பர்கள் இதையும் சேர்த்து விடச் சொல்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போது நேரத்துக்கு வருவோம். 3+0 என்றால் உங்கள் கையில் 180 விநாடி. ஆட்டம் 40 மூவ் போகும் என்று வைத்துக்கொண்டால் ஒரு மூவுக்கு நாலரை விநாடிதான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வெள்ளை ஆட்டங்களைப் பாருங்கள். ஈ4 (எழுத்தும் எண்ணும் போர்டின் கட்டத்தைக் குறிக்கும்), குதிரை எஃப்3, பிஷப் சி4, எதிராளி குதிரை எஃப்6 ஆடியதும் குதிரை ஜி5. எஃப்7-க்குக் குறி. இதுவரை மின்னல் மாதிரி வருகிறது. எதிராளி டி5, நீங்கள் சிப்பாயால் வெட்டுகிறீர்கள். அவர் குதிரையால் திரும்ப வெட்டினால் உங்களுக்குக் கொண்டாட்டம். எஃப்7-இல் குதிரையைக் கொடுத்து ராஜாவை நடு போர்டுக்கு இழுக்கிறீர்கள். அதை நன்றாகவே ஆடுகிறீர்கள்.

ஆனால் 1900-க்கு மேல் இருப்பவர்கள் அப்படி வெட்டுவதில்லை. இன்னொரு குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் உங்கள் பிஷப்பைத் தாக்குகிறார்கள். நீங்கள் பி5-இல் செக், அவர்கள் சி6, சிப்பாய்கள் வெட்டிக்கொள்கின்றன, பிஷப் மறுபடி தாக்குதலில் நிற்கிறது. இது 8-ஆவது மூவ். அனுப்பிய ஆட்டங்களில் இந்த நிலை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. வந்த ஒவ்வொரு முறையும் 20, 25 விநாடி யோசித்திருக்கிறீர்கள். ஆளுக்கு ஆள் வேறு மூவ் ஆடியிருக்கிறீர்கள். ஒரு முறை பிஷப் ஈ2, ஒரு முறை ஏ4, ஒரு முறை ராணி எஃப்3. நேற்று யோசித்ததையே இன்றைக்கும் முதலிலிருந்து யோசிக்கிறீர்கள். 180 விநாடியில் 25 என்பது ஏழில் ஒரு பங்கு. கடைசியில் கொடி விழும்போது, அதாவது நேரம் தீரும்போது, இல்லாமல் போன விநாடிகள் இங்கேதான் போயிருக்கின்றன.

ஒரு சாயங்காலம் இந்த ஒரு நிலையை மட்டும் எடுத்து வைத்து உட்காருங்கள். உங்களுக்கு நான் சொல்வது பிஷப் டி3. பார்க்க அசிங்கமாக இருக்கும், டி-சிப்பாயின் வழியையே அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் எதிராளி எச்6 ஆடினால் உங்கள் குதிரைக்கு ஈ4 கிடைக்கிறது, பிஷப் அதைத் தாங்குகிறது. ஈ2-இல் வைத்தால் குதிரை எஃப்3-க்குத் திரும்ப வேண்டும், உடனே ஈ4 என்று சிப்பாயால் மறுபடி துரத்துவார்கள். அதுவும் பழைய, நல்ல வழிதான். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அடி வாங்கிச் சமாளிக்க வேண்டியிருக்கும், உங்கள் சுபாவத்துக்கு அது ஒத்துவராது. எதை எடுத்தாலும் சரி, ஒன்றை எடுங்கள். அதற்குப் பிறகு வரும் நாலைந்து மூவையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.

இப்படி உங்கள் நேரத்தைத் தின்னும் நிலைகள் இன்னும் இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். லீசெஸ்ஸில் ஆட்டம் முடிந்ததும் அனாலிசிஸ் பக்கத்தில் ஒவ்வொரு மூவுக்கும் எடுத்த நேரம் வரைபடமாக வருகிறது. ரேட்டிங் எத்தனை ஏறியது, எத்தனை இறங்கியது என்று பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள். முதல் 12 மூவுக்குள் ஒரு கோடு மட்டும் உயரமாக நின்றால் அதுதான் அடுத்த பாடம். ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரில் உங்கள் கணக்கின் பெயரைக் கொடுத்தால் நீங்கள் ஆடிய ஓப்பனிங்குகள் மட்டும் வரும். எந்த மூவுக்குப் பிறகு அதிகம் தோற்கிறீர்கள் என்பதும் தெரிந்துவிடும். புது ஓப்பனிங் எதுவும் இப்போது வேண்டாம்.

1970-இல் யுகோஸ்லாவியாவின் ஹெர்செக் நோவியில் நடந்த பிளிட்ஸ் போட்டியில் அமெரிக்காவின் பாபி ஃபிஷர் 22 ஆட்டங்களில் 19 புள்ளி எடுத்தார். இரண்டாவது வந்த முன்னாள் உலக சாம்பியன் மிகயீல் டாலைவிட நாலரை புள்ளி அதிகம். போட்டி முடிந்த பிறகு தன் ஆட்டங்களின் மூவ்களை நினைவிலிருந்து அப்படியே சொன்னார் என்பார்கள். அவர் கை மற்றவர்கள் கையைவிட வேகமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த இடைவெளி கை வேகத்தால் வந்ததில்லை. போர்டில் வரும் நிலைகளில் பெரும்பாலானவற்றை அவர் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தார்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உங்களிடம் இருக்கிறது. நின்று யோசிக்க வேண்டிய இடத்தில் ஓடுகிறீர்கள். எச்7-இல் பிஷப்பைப் பலி கொடுத்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளி காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் இடம் மாற்றுவது) செய்திருக்கிறார், எஃப்6-இல் குதிரை இல்லை, அவர் ராணி சி7-இல், கறுப்புக் கட்ட பிஷப் ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது. உங்கள் பிஷப் டி3-இல், குதிரை எஃப்3-இல், ராணி டி1-இல். பார்த்தவுடன் கை துறுதுறுத்திருக்கும், எனக்கும் துறுதுறுத்தது. ஒரே விநாடியில் பிஷப் எச்7 செக். ராஜா வெட்டினார், குதிரை ஜி5 செக், ராஜா ஜி8-க்குப் போனார், ராணி எச்5. அடுத்து எச்7-இல் மேட் என்று காத்திருந்தீர்கள். அவர் சி8-இல் இருந்த பிஷப்பை எஃப்5-இல் கொண்டுவந்து வைத்தார். எச்7 அடைபட்டது. எஃப்7-ஐ எஃப்8 யானை பார்த்துக்கொள்கிறது. அட்டாக் அங்கேயே முடிந்தது, ஒரு பிஷப் போனதுதான் மிச்சம்.

அந்த ஆட்டத்தில் உங்களிடம் அப்போது 1 நிமிடம் 50 விநாடி இருந்தது. 15 விநாடி செலவழிக்க வேண்டிய மூவ் இருந்தால் அது இதுதான். இந்தப் பலிக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். குதிரை ஜி5-க்குப் போனால் யாராவது வெட்ட முடியுமா? ராணி எச்5-க்கு வர வழி இருக்கிறதா? எச்7-ஐக் காக்க அவரிடம் ஏதாவது காய் மிச்சம் இருக்கிறதா? முதல் இரண்டையும் நீங்கள் எப்போதும் சரியாகப் பார்க்கிறீர்கள். மூன்றாவதுதான் தவறுகிறது. ஈ6-இல் சிப்பாய் இருந்தால் சி8 பிஷப்புக்கு எஃப்5 போக வழி இல்லை. இந்த ஆட்டத்தில் ஈ-சிப்பாயே இல்லை, வழி வாசல் வரைக்கும் திறந்து கிடந்தது.

உங்களுடைய வேறு சில பிளண்டர்களிலும் (பெரிய தவறுகளிலும்) இதே குணத்தைப் பார்க்கிறேன். நம் காய் முன்னால் போவதைக் கண் நன்றாகப் பார்க்கிறது. எதிராளியின் காய் பின்னால் வருவதையும், ஓரத்திலிருந்து குறுக்கே வந்து காப்பதையும் பார்ப்பதில்லை. குறிப்பாக எதிராளியின் குதிரை பின்வாங்கிக் காக்கும் மூவ்கள். அட்டாக் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் வரும் குருட்டு இடம் இது. புதிர் போடும்போது கொஞ்ச நாளைக்கு, நேரத்தோடு ஓடும் பசில் ஸ்டார்மை ஒதுக்கி வைத்துவிட்டு, நேரக் கட்டுப்பாடு இல்லாத சாதாரணப் புதிர்களை எடுங்கள். விடை தெரிந்தவுடன் ஆடாதீர்கள். எதிராளி தற்காக்கக்கூடிய மிகச் சிறந்த மூவ் என்ன என்று கண்டுபிடித்துவிட்டு ஆடுங்கள். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

எண்ட்கேமை, அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் உங்கள் கடிதத்துக்குப் பதில் முடியாது. டைமில் கோட்டை விடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆட்டங்களில் ஒன்று என்னைப் படுத்திவிட்டது. உங்கள் ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, யானை ஈ1. எதிராளியின் ராஜா டி7-இல், உங்கள் யானையைத் தாண்டி வர முடியாமல் நிற்கிறது. அவர் யானை எச்-வரிசையில். உங்களிடம் 18 விநாடி. இதற்கு லுசேனா நிலை என்று பெயர். செஸ்ஸில் இதைவிடப் பிரசித்தமான யானை எண்ட்கேம் கிடையாது. நீங்கள் ராஜாவை எஃப்7-க்குக் கொண்டுவந்தீர்கள், அவர் செக் வைத்தார், ஜி8-க்கே திரும்பினீர்கள். மறுபடி வெளியே, மறுபடி செக், மறுபடி உள்ளே. அப்படியே கொடி விழுந்தது.

ராஜாவை நகர்த்தும் முன் யானையை ஈ4-க்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அந்த ஒரு மூவில்தான் எல்லாம் இருக்கிறது. அப்புறம் ராஜா எஃப்7, செக், ஜி6, செக், எஃப்6, செக், ஜி5. கடைசியாக ஜி-வரிசையில் ஒரு செக் வரும்போது உங்கள் யானை ஜி4-க்கு வந்து நடுவில் நிற்கும். செக் தீர்ந்தது, சிப்பாய் ராணியாகும். தெரிந்தவருக்கு இது ஏழெட்டு விநாடி வேலை. தெரியாதவருக்கு 18 நிமிடம் இருந்தாலும் போதாது. போர்டு எடிட்டரில் இந்த நிலையை வைத்துக் கம்ப்யூட்டரோடு ஆடிப் பழகுங்கள், கை தானாக ஆடும்வரைக்கும். கூடவே ஃபிலிடோர் தற்காப்பு. சிப்பாய் குறைந்தவர் பக்கத்திலிருந்து ஆடும்போது, எதிராளியின் ராஜா முன்னேறாதபடி எதிராளி பக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாவது வரிசையில் யானையை நிறுத்தி வைத்துவிட்டு, சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த பிறகு யானையை எதிராளி ராஜாவுக்குப் பின்னால் கொண்டுபோய் செக் கொடுத்துக்கொண்டே இருப்பது. ராஜா-யானை மேட்டையும் பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் முடிக்கப் பழகிவிட்டால் இப்போதைக்குப் போதும்.

குதிரை ஆட்டத்தைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தீர்கள். எதிராளியிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும், உங்களிடம் யானையும் சிப்பாயும், நேரம் தீர்ந்ததும் தோல்வி என்று வந்துவிட்டது. அது அநியாயம் இல்லை. ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதிப்படி, எப்படிக் கோணல்மாணலாக ஆடினாலும் எதிராளியால் மேட் வைக்கவே முடியாது என்றால்தான் டிரா. உங்கள் காய்களே உங்கள் ராஜாவை அடைத்துக்கொண்டால் ஒற்றைக் குதிரையாலும் மேட் சாத்தியம். லீசெஸ் இதே அடிப்படையில்தான் தீர்ப்புச் சொல்கிறது. செஸ்.காமில் ஒற்றைக் குதிரையைப் போதாத படையாகக் கணக்கிட்டு டிரா தந்துவிடுவார்கள், உங்களுக்கு அந்த ஞாபகம் இருந்திருக்கலாம். யானையைக் கொடுத்தாவது அந்தக் குதிரையை வெட்டியிருந்தால் தோல்வி வந்திருக்காது, குறைந்தது அரைப் புள்ளி உறுதி.

பிரிமூவ் (எதிராளி ஆடும் முன்பே நம் மூவைப் போட்டு வைப்பது) பற்றி ஒன்று. லீசெஸ்ஸில் பிரிமூவுக்கு நேரமே கழிவதில்லை, செஸ்.காமில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு கழியும். அதனால் கடைசி விநாடிகளில் பிரிமூவ் பெரிய ஆயுதம்தான். ஆனால் நீங்கள் 40 விநாடி மிச்சம் இருக்கும்போதே போடுகிறீர்கள். ராணியை அப்படி இரண்டு ஆட்டத்தில் இழந்திருக்கிறீர்கள். எதிராளி உங்கள் காயை வெட்டினால் திரும்ப வெட்டுவதற்கு வைக்கும் பிரிமூவ் பத்திரமானது. அவர் வெட்டாவிட்டால் உங்கள் காயே அந்தக் கட்டத்தில் நிற்கும், மூவ் செல்லாது, தானாக ரத்தாகிவிடும். மற்ற பிரிமூவ்களைக் கடைசி 10 விநாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளிட்ஸ் ஆட்டத்தைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு, கெடுக்காது என்றுதான் சொல்வேன். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடியது முழுக்க பிளிட்ஸ். ஜெயித்தவர் போர்டில் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்த வேகம் அவருக்கு 2003-இல் உலக ரேபிட் பட்டத்தையும், 48 வயதில் ரியாத்தில் 2017-இல் மறுபடி அதே பட்டத்தையும் கொடுத்தது. அதே சென்னையிலிருந்து வந்த குகேஷின் பெயர் பிளிட்ஸால் வந்ததில்லை. 18 வயதில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று அவர் உலக சாம்பியன் ஆனது நீண்ட நேர ஆட்டத்தில். சிறு வயதில் அவருக்குப் பயிற்சியளித்த விஷ்ணு பிரசன்னா, நீண்ட காலம் எஞ்சினை (செஸ் ஆராயும் கம்ப்யூட்டர் நிரலை) தொடவிடாமலே வளர்த்தார். இரண்டு வழியிலும் போகலாம். ஆனால் ஆடிய ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த ஆட்டத்துக்குப் போகும் வழியில் யாரும் எங்கும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. தோற்ற ஆட்டத்தில் ஒன்றையாவது எஞ்சின் இல்லாமல் நீங்களே ஒரு முறை பாருங்கள், எங்கே திரும்பியது என்று எழுதி வையுங்கள், அதற்குப் பிறகு ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினைக் கேளுங்கள்.

கெடுப்பது ராத்திரி ஆடும் 1+0. உங்கள் ஆட்டங்களின் நேரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு தோல்வி, உடனே ரீமேட்ச், இன்னொரு தோல்வி, விட்டதைப் பிடிக்க மறுபடி ஒன்று என்று ஒரே இரவில் ரேட்டிங் சரிந்திருக்கிறது. அடுத்த வாரம் முழுக்க அதை மீட்பதிலேயே போகிறது. ஒரு வருடமாக 1850-க்கும் 1900-க்கும் நடுவில் நிற்பதில் இதற்கும் பங்கு உண்டு. தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் எழுந்துவிடுங்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. புல்லட்டைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு 3+2 ஆடுங்கள், முடிந்தால் 5+3. உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பிலேயே 3 நிமிடமும் மூவுக்கு 2 விநாடியும்தான். அந்த இரண்டு விநாடி இருந்தால் ஜெயித்த ஆட்டத்தை ஜெயித்துக் காட்டியே ஆக வேண்டும், எதிராளியின் கொடி விழும் என்று காத்திருக்க முடியாது. உங்களுக்கு இப்போது தேவை அந்தப் பழக்கம்.

போட்டிக்கு வருகிறேன். லீசெஸ் 1900-ஐ ஃபிடே ரேட்டிங்கோடு ஒப்பிட்டுக்கொண்டு போகாதீர்கள். லீசெஸ்ஸில் எல்லோரும் 1500-இல் தொடங்குகிறார்கள், அங்கே எண்கள் கூடுதலாகவே இருக்கும். பக்கத்து போர்டில் உட்காரும் பத்து வயதுக் குழந்தை உங்களுக்குக் கடினமான எதிராளியாக இருக்கலாம், மரியாதையோடு ஆடுங்கள். போவதற்கு முன் ஒரு மாதமாவது வாரத்துக்கு இரண்டு முறை 15+10 ஆடுங்கள், திரையில் வேண்டாம், மரப் போர்டில் நண்பரோடு. திரைக்குப் பழகிய கண்ணுக்கு நிஜப் போர்டில் மூலைவிட்டங்கள் சட்டென்று தெரியாது.

கடைசியாக, திரையில் ஆடுகிறவர்கள் நேரில் மாட்டிக்கொள்ளும் விதிகள். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். காய் நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். ராஜா செக்கில் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்த லீசெஸ் விடாது. நேரில் உங்களை எதுவும் தடுக்காது, அப்புறம் நடுவர் வருவார். ரேபிட்டில் முதல் முறை விதிமீறிய மூவுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாவது முறை ஆட்டமே போய்விடும். காஸ்லிங்கில் முதலில் ராஜாவை எடுத்து வையுங்கள், பிறகு யானை, இரண்டும் ஒரே கையால். யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, யானையைத்தான் நகர்த்த வேண்டும்.